தாழ்வான கொக்கி

"நீங்கள் ஏன் என்னை மட்டும் மறுப்பதே இல்லை?" என்று லூடோல்ஃப் கேட்டான்.

கேட்டது பேராசிரியர் தோர்பெக்கை. இடம், ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊர். காலம், ரயில் வண்டி அந்த ஊர்ப்பக்கம் இன்னும் எட்டிப் பார்க்காத காலம்.

பேராசிரியர் லூடோல்ஃபின் வீட்டில் அப்போதுதான் காப்பி குடித்து முடித்திருந்தார். எழுந்து வாசல் நடைக்குப் போனார். குனிந்தார். சுவரில் இடுப்புக்குக் கீழே ஒரு கொக்கி இருந்தது. அதிலிருந்து தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

அதே சுவரில் ஆள் உயரத்தில் நல்ல கொக்கிகள் வரிசையாகக் காலியாகத்தான் இருந்தன.

போய்விட்டார்.

குருமார்களிடம் கேள்வி கேட்பதில் இதுதான் தொல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் எங்கே மதிப்புக் குறைந்துவிடுமோ என்று இருப்பார்கள்.

குரு, சிஷ்யன் என்றதும் ஒரு வெள்ளைத் தாடியையும் ஒரு பச்சைப் பிள்ளையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் ஒரே வயது, நாற்பதை ஒட்டி. போதகர்களை உருவாக்கும் செமினரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தண்ணிக் கஞ்சியைக் குடித்தவர்கள். ஒருவர் நேராகப் பேராசிரியர் நாற்காலிக்குப் போனார். மற்றவன் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தான். நாற்காலி கிடைத்தவர் 'அவர்' ஆனார். கிடைக்காதவன் 'அவன்' ஆனான். பெஞ்சில் இருந்த காலத்து 'நீ, வா, போ' எல்லாவற்றையும் லூடோல்ஃப் தானாகவே மடித்து வைத்துவிட்டு, 'நீங்கள்' என்று அழைக்கக் கற்றுக்கொண்டான்.

அவன் சுற்றிய சுற்று சின்னதல்ல.

வடக்கே, கடலோரச் சதுப்பு நிலத்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தான். அப்பா நம்பியதை எல்லாம் அவனும் நம்பினான். செமினரிக்குப் போனான், போதகரானான், ஒரு பீர் ஆலைக்காரரின் மகளைக் கட்டினான். அவள் பெயர் ஹெட்விக். ஒரு பெண் குழந்தை பிறந்தது. லீனா.

லீனா தன் மேலங்கியைத் தானே கழற்றும் வயதுக்கு வந்தபோது, மாட்ட இடம் எட்டவில்லை என்று அழுதாள். லூடோல்ஃப் ஒரு கொக்கியை எடுத்து, அவள் கை எட்டும் உயரத்தில் நடைச்சுவரில் அடித்தான். சுத்தியலால் கட்டை விரலையும் அடித்துக்கொண்டான். தத்துவம் வருவதற்கு முன்பே அவன் கை அப்படித்தான்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. கிராமத்தில் பல வீடுகளுக்குள் நுழைந்தது. போதகர் வீடு என்று பார்த்து ஒதுங்கவில்லை.

ஞாயிறு வந்தது. அவன் பிரசங்க மேடையில் ஏறினான். இந்த மாதிரி நேரத்துக்கென்றே வைத்திருக்கும் வார்த்தைகள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். மற்றவர்கள் வீட்டுச் சாவுகளில் தடுமாறாமல் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. சபை காத்திருந்தது. பிறகு இருமியது. அவன் இறங்கினான். அப்புறம் ஏறவே இல்லை.

கடவுளிடம் கிடைக்காத பதில் தத்துவத்திடம் கிடைக்கும் என்று தோர்பெக்கின் ஊருக்கு வந்து சேர்ந்தான்.

வீடு மாறும்போது ஹெட்விக் பாத்திரங்களைக் கட்டினாள், மெத்தைகளைக் கட்டினாள். கடைசியாக அந்தக் கொக்கியைப் பிடுங்கினாள். புது வீட்டு நடையில் அதே உயரத்தில் அவளே அடித்தாள். அவள் விரலில் படவில்லை.

வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வருகிறவர்கள் தொடையில் இடித்துக்கொண்டார்கள். தோர்பெக் ஒருவர்தான் அதில் தொப்பியை மாட்டினார். குழந்தை இல்லாத வீட்டில் இது எதற்கு என்று லூடோல்ஃப் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் எழுத உட்கார்ந்தான்.

முதலில் மற்றவர்கள் கட்டிய தத்துவங்களில் வாடகைக்கு இருந்தான். பிறகு ஒவ்வொன்றாகக் காலி செய்தான். கடைசியில் தனக்கென்று ஒன்றைக் கட்டினான். ஒழுகாத கூரை, காற்று புகாத ஜன்னல். அதன் சாரம் இதுதான்: முழுமை என்று ஒன்று இருக்கிறது. அது வளர்ந்துகொண்டே போகிறது. நடப்பது எதுவும் வீணில்லை. ஒவ்வொரு இழப்பும் அந்த முழுமைக்குத் தேவையான ஒரு படி. படியில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. உச்சியிலிருந்து பார்த்தால் தெரியும்.

லீனாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. இருக்கவும் வேண்டாம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவள்தான்.

சனிக்கிழமைகளில் தோர்பெக்கின் அறையில் மாணவர்கள் கூடுவார்கள். யார் என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் அவர் கோழியை உரிப்பது போல் உரித்துவிடுவார். அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. ஊரை விட்டே போனவன் ஒருவன் உண்டு.

லூடோல்ஃப் வாசிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் தலையசைப்பார். "அடுத்தவர்" என்பார்.

குருவின் செல்லப்பிள்ளை என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். லூடோல்ஃபும் சிறிது காலம் அப்படித்தான் நினைத்து நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு அது முள்ளாகக் குத்தத் தொடங்கியது. ஓட்டை இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாமே. இருந்தால் காட்டலாமே.

ஹெட்விக்கிடம் புலம்பினான்.

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவின் பீப்பாய்களும் உங்களை மறுக்காது," என்றாள். "அங்கேயே போயிருக்கலாம்."

அது வெறும் குத்தல் அல்ல. அந்த இலையுதிர் காலத்தில் அவன் பொது விவாதத்தில் நின்று தன் ஆய்வுரையைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினால் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமை. தோற்றால், அவன் வயதில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்று டீன் நாசூக்காகச் சொல்லிவிட்டார். பிறகு மாமனாரின் ஆலையில் பீப்பாய் தட்டிப் பார்க்கும் வேலைதான். மாமனார் தங்கமான மனிதர். ஒரு வார்த்தை குத்திக் காட்ட மாட்டார். அதுதான் லூடோல்ஃபுக்குத் தாங்க முடியாதது.

இந்தப் பொது விவாதத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பட்டிமன்றம் மாதிரிதான், கைதட்டல் கிடையாது. ஆய்வுரை எழுதியவன் மேடையில் நிற்பான். எதிரே ஒரு பெஞ்சில் எதிர்வாதிகள் மூன்று பேர். அவர்கள் எழுந்து ஆட்சேபம் சொல்ல வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று பேரை அழைத்து வருவது யார்? மேடையில் நிற்கப் போகிறவன்தான். அவர்கள் என்ன ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது? அதுவும் அவன்தான். முடிந்ததும் மூன்று பேருக்கும் விருந்து வைப்பான். ஊரிலேயே பெரிய மூளைகள் கூடி இப்படி ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு இடத்துக்குப் பழைய நண்பர்கள் கிடைத்தார்கள். மூன்றாவது இடத்துக்கு லூடோல்ஃப் தோர்பெக்கைக் கேட்டான்.

ஆட்சேபங்கள் எழுதிய தாளைக் கையோடு கொண்டு போயிருந்தான்.

பேராசிரியர் அதை வாங்கிப் படித்தார்.

"வலுவாகத்தான் இருக்கிறது," என்றார்.

"யோசித்து எழுதினேன்."

"பதில்கள்?"

"அதைவிட வலுவானவை."

"சந்தேகமில்லை."

"நீங்களாக வேறு ஏதாவது சொல்ல விரும்பினால், சொல்லலாம். எனக்கு அதுதான் வேண்டும்."

பேராசிரியர் தாளை மடித்தார். "உன் மனைவி வருவாளா?"

"மண்டபத்தில் பெண்களுக்கு மேல்மாடம் இருக்கிறது. ஆனால் அவள் வர மாட்டாள். இதிலெல்லாம் அவளுக்கு நாட்டமில்லை."

"கூப்பிடு," என்றார் பேராசிரியர்.

லூடோல்ஃப் கூப்பிட்டான். பின்னல் வேலை கிடக்கிறது என்றாள் ஹெட்விக். அங்கேயே பின்னலாம் என்றான். பேராசிரியர்தான் வரச் சொன்னார் என்று சேர்த்துக்கொண்டான்.

"அவர் சொன்னாரா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்படியானால் வருகிறேன்."

ஊரில் எல்லோருக்கும் சிக்கரி கலந்த காப்பி கொடுப்பவள், தோர்பெக்குக்கு மட்டும் கலக்காமல் கொடுப்பாள். அது ஏன் என்றும் லூடோல்ஃப் கேட்டதில்லை.

விவாத நாள் காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய மரக்கூண்டு. பழைய பிரசங்க மேடை ஒன்றை வெட்டிச் செய்தது. லூடோல்ஃப் ஏறினான். மேல்மாடத்திலிருந்து பின்னல் ஊசிகளின் சத்தம் கேட்டது. டிக், டிக். அது அவனுக்குத் தெரிந்த சத்தம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல் நண்பர் எழுந்தார். தாளில் உள்ளதைக் கோபம் வந்தவர் போலப் படித்தார். லூடோல்ஃப் பதில் சொன்னான். நண்பர் திகைத்துப்போனவர் போல உட்கார்ந்தார். இரண்டாமவருக்கு நடிப்பு இன்னும் நன்றாக வந்தது. திகைத்து நெற்றியைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதாகத் தோர்பெக் எழுந்தார்.

தாளைச் சட்டைப்பையில் வைத்தார். பெஞ்சை விட்டு வெளியே வந்தார். மண்டபத்தைக் குறுக்கே கடந்து, மேடைப்படி ஏறி, லூடோல்ஃபின் பக்கத்தில் நின்றார்.

அங்கே இரண்டு பேருக்கு இடம் இல்லை.

"இறங்கு," என்றார் மெதுவாக.

லூடோல்ஃப் இறங்கினான். வேறு என்ன செய்ய? மண்டபத்தில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்று. எதிர்வாதிகளின் பெஞ்சில் மூன்றாவது இடம். போய் நின்றான்.

டீன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மேடையில் ஒருவர் நிற்க வேண்டும் என்று இருந்தது. எதிரே மூன்று பேர் இருக்க வேண்டும் என்று இருந்தது. மேடையில் ஒருவர் நின்றார். எதிரே மூன்று பேர் இருந்தார்கள். டீன் புத்தகத்தை மூடிவிட்டு, மேலே நடக்கட்டும் என்று கையசைத்தார்.

தோர்பெக் பேசினார்.

லூடோல்ஃபின் ஆய்வுரையை, லூடோல்ஃபின் சொற்களில், லூடோல்ஃபை விட அழகாகச் சொன்னார். எந்த இழப்பும் வீணில்லை. ஒவ்வொன்றும் ஒரு படி. ஒரு கல்லை உருவினாலும் கோபுரம் நிற்காது. இத்தனை நாள் கண்ணை மூடிக் கேட்டவர் ஒரு சொல்லையும் விடவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த லூடோல்ஃபுக்கு முதலில் பெருமையாக இருந்தது.

"ஆட்சேபம் உண்டா?" என்று பேராசிரியர் கேட்டார்.

லூடோல்ஃப் தான் எழுதிக் கொடுத்ததையே சொன்னான். அவன் தயாரித்திருந்த பதிலையே அவர் சொன்னார். அடுத்ததைச் சொன்னான். அதற்கும் வந்தது. அவன் கைவசம் இருந்தது தீர்ந்துபோனது.

"வேறு?"

"இல்லை."

"சரி. ஓர் உதாரணம் சொல்லி முடித்துவிடுகிறேன்."

அவர் மேல்மாடத்தைப் பார்க்கவில்லை. லூடோல்ஃபை மட்டும் பார்த்தார். குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுபவர் போலப் பேசினார்.

"ஒரு கிராமத்தில் ஒரு போதகர். அவருக்கு ஒரு குழந்தை. ஒரு குளிர்காலத்தில் அது இறக்கிறது. இறந்ததால் அவர் பிரசங்க மேடையை விட்டு இறங்குகிறார். இறங்கியதால் சிந்திக்கத் தொடங்குகிறார். சிந்தித்ததால் இந்த ஆய்வுரை பிறக்கிறது. இன்று இந்த மண்டபத்தில் முழுமை ஒரு படி உயர்கிறது. அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் இது எதுவும் இல்லை. ஆகவே, அந்த இறப்பு தேவையாக இருந்தது."

மண்டபத்தில் யாரும் இருமவில்லை. மேலே ஊசிகள் நின்றுவிட்டன.

"இல்லை," என்றான் லூடோல்ஃப்.

டீன் தலை நிமிர்ந்தார். "எதிர்வாதி காரணம் சொல்ல வேண்டும்."

"இல்லை," என்றான் மறுபடி.

"இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தவறு?" என்று தோர்பெக் கேட்டார். "ஒவ்வொன்றும் உன் ஆய்வுரையில் இருப்பது. நான் எதையும் சேர்க்கவில்லை. முழுமைக்கு அவள் தேவைப்பட்டாள்."

"அவளுக்கு முழுமை தேவைப்படவில்லை," என்றான் லூடோல்ஃப். "தண்ணீர் தேவைப்பட்டது."

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவனே எதிர்பார்த்திருக்கவில்லை. சொன்ன பிறகு நிறுத்த வரவில்லை.

"தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடுத்தோம். இறங்கவில்லை. கரண்டியில் கொடுத்தோம். துணியில் நனைத்துக் கொடுத்தோம். வெளியே வழிந்தது. அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை. நாங்கள் கொடுக்க மாட்டோம் என்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, 'தயவு செய்து' என்றாள். கெட்டிக்காரப் பெண். நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், கேட்கும்போது அப்படிக் கேட்க வேண்டும் என்று."

கொஞ்சம் மூச்சு வாங்கினான்.

"அதை எந்தப் படியில் வைக்கிறீர்கள்? உச்சியிலிருந்து அது எப்படித் தெரிகிறது? எனக்கு உச்சி வேண்டாம். அதன் மேல் ஏறி நின்று பார்க்கிற எதுவும் எனக்கு வேண்டாம்."

உட்கார்ந்துவிட்டான்.

மேல்மாடத்தை அவன் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரைப் பற்றி வீட்டில் அவர்கள் பேசியதே இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று அவன் நினைத்திருந்தான். அவன் மறந்துவிட்டான் என்று அவள்.

டீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடையில் இருப்பவர் பதில் சொல்லலாம்."

தோர்பெக் கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"பதில் இல்லை," என்றார்.

படியிறங்கி வந்தார்.

டீன் மறுபடி விதிப்புத்தகத்தைத் திறந்தார். அவர் வயதானவர், இரண்டு மகன்களைப் புதைத்தவர், அதை யாரும் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை. எழுத்தைத் தேடுபவர் போல வெகுநேரம் குனிந்திருந்தார்.

"ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், மேடையில் இருப்பவர் தோற்றார் என்று இருக்கிறது," என்றார் கடைசியில். "மேடையில் இருந்தது பேராசிரியர் தோர்பெக்."

"ஆம்," என்றார் தோர்பெக்.

"அவருக்குப் பாடம் சொல்லும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. பறிக்க விதி இல்லை."

"நல்லது."

"ஜெயித்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் விதி இல்லை." டீன் லூடோல்ஃபைப் பார்த்தார். "முதல் பருவத்தில் எதைப் பற்றிப் பாடம் சொல்வீர்கள்? உங்கள் ஆய்வுரையைப் பற்றியா?"

"அது தோற்றுவிட்டது," என்றான் லூடோல்ஃப்.

"பிறகு?"

"எனக்குத் தெரியவில்லை."

டீன் பேனாவை மையில் தொட்டார். "தெரியவில்லை," என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். விருந்துக்குக் காத்திருந்த மற்ற இருவரையும், சாயங்காலம் வாருங்கள் என்று ஹெட்விக் ஒரே வாக்கியத்தில் கழற்றிவிட்டிருந்தாள். அவள் முன்னால் நடந்தாள். பின்னல் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வழக்கமாக நடக்கும் வேகத்தில் நடக்கவில்லை. அவர்கள் பின்தங்காதபடி நடந்தாள்.

பாலத்தின் மேல் வந்தபோது லூடோல்ஃப் பேராசிரியரிடம் கேட்டான்.

"உனக்கு இந்த ஓட்டை முதல் நாளே தெரியும்."

'நீங்கள்' போய்விட்டதை அவனும் கவனிக்கவில்லை, அவரும் திருத்தவில்லை.

"தெரியும்," என்றார் தோர்பெக்.

"இத்தனை வருஷம் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் மறுக்கவில்லை?"

கீழே ஆற்றில் ஒரு விறகுப் படகு போய்க்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தாண்டும்வரை பேராசிரியர் பார்த்தார்.

"நான் சொல்லியிருந்தால், அதற்கும் ஒரு பதில் எழுதியிருப்பாய்," என்றார்.

வீடு வந்தது. ஹெட்விக் நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்பு மூடி திறக்கும் சத்தம் கேட்டது. லூடோல்ஃப் முன்னால் நுழைந்து, நடையில் கொஞ்சம் நின்று, பிறகு உள்ளே போனான்.

பின்னால் வந்த பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார். வழக்கம்போலக் குனிந்தார்.

குனிந்தபடியே நின்றார்.

கொக்கியில் இடம் இல்லை. லூடோல்ஃபின் தொப்பி அதில் தொங்கியது.

ஹெட்விக் சூப்புக் கிண்ணத்தோடு வந்தாள். கொக்கியைப் பார்த்தாள். மேலே வரிசையாகக் காலியாக இருந்த கொக்கிகளையும் பார்த்தாள். அவற்றில் ஒன்றையும் காட்டவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு முடியும்வரை பேராசிரியர் தோர்பெக் தொப்பியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.